எந்த உறவு கெட்டுவிடும், ஐயா?

பழைய தூதரகக் கோப்புகளைக் காத்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தியாவுக்கும் பசிபிக் தீவு நாடான பிஜிக்கும் இடையிலான உறவில் 1987 முதல் 1999 வரையிலான கோப்புகளைக் கேட்டிருந்தேன். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவின்படி, வெளிநாட்டு உறவு பாதிக்கப்படும் என்பதால் தர இயலாது என்று பதில் வந்திருக்கிறது. காரணம் கேட்டால் அதே வரி மறுபடி வருகிறது.

யாருடனான உறவு? 1987 மே 14 அன்று, இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த பிஜி அரசைக் கவிழ்த்தவர் அந்நாட்டு ராணுவ அதிகாரி ரபுகா. இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு லியோனிதாஸ் கப்பல் 1879-இல் பிஜியை அடைந்ததும் இதே மே 14-தான். அந்த ரபுகாவே 2023-இல், பிரதமராக இருந்தபோது, அந்தக் கவிழ்ப்புக்காக எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். செய்தவர் இறங்கி வந்துவிட்டார், உங்கள் கோப்புதான் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

நம் தூதரை வெளியேறச் சொன்னார்கள். 1990 மே மாதம் பிஜியின் தலைநகர் சுவாவில் இருந்த நம் தூதரகமே மூடப்பட்டது. திரும்பத் திறந்தது 1999-இல். நடுவில் பல்லாயிரம் குடும்பங்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பிப் போயின. 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய சுமார் 15,000 பேரின் பேரப்பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்காக டில்லியில் யார் என்ன பேசினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன் ஒன்பது ஆண்டு ஆனது? நம் வெளியீடுகளில் இதற்குக் கிடைப்பது “மூடப்பட்டது, திறக்கப்பட்டது” என்று ஒரே வரி. அப்புறம் நேராக 2014-க்குத் தாவி, பிஜிக்கு நம் பிரதமர் வருகை, கைகுலுக்கல், புகைப்படம். 1981-இல் இந்திரா காந்தி போனதற்கும் அதற்கும் இடையே 33 ஆண்டுகள் எங்கே போயின என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது?

ஆஸ்திரேலியா தன் 1987-ஆம் ஆண்டு அமைச்சரவைக் குறிப்புகளை எப்போதோ திறந்துவிட்டது. நம் கதையைப் படிக்க கான்பெராவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் போலிருக்கிறது. விழா மேடைகளில் மட்டும் “கடல் கடந்த சொந்தங்கள்” என்று குரல் தழுதழுக்கிறது!

சரி, கோபத்தை ஒதுக்கிவைக்கிறேன். 20 ஆண்டு கடந்த தகவலுக்கும் அந்த விலக்கு பொருந்தும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறதே. பெயர்களை மையால் அடியுங்கள், ரகசியத் தந்திகளை எடுத்துவிடுங்கள். மீதியைத் திறந்துவிடுங்கள். அதுவும் முடியாதென்றால், எந்தத் தாள் வெளிவந்தால் எந்த உறவு எப்படிக் கெடும் என்று எழுத்தில் விளக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு குடிமகன்