அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்புங்கள்

கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை அதிகாரிகளுக்கும், சென்னையில் செல்லப்பிராணி மருத்துவமனை நடத்தும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

தடுப்பூசி போட்ட நாய்க்கு ஒவ்வாமை வரலாம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. மூன்று வருடமாக ஊசி போட்டு வருகிறோம், ஒருவரும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஓடும் ஆட்டோவில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மணி, டாஷ்ஹண்ட் என்ற குட்டைக்கால் இன நாய். ஏழு கிலோ இருப்பான். வருடாந்தர ஊசிக்கு நானும் அம்மாவும் தூக்கிப் போயிருந்தோம். "ஆன்டி ரேபிஸ், நைன் இன் ஒன் ரெண்டையும் இன்னைக்கே போட்டுடலாம் மேடம், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார்கள். நைன் இன் ஒன் என்பது பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி. சரி என்றேன். இரண்டு ஊசி, புத்தகத்தில் தேதி, ஒரு கையெழுத்து, அடுத்த டோக்கன். உள்ளே நாங்கள் இருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. மணி முகத்தை அம்மாவின் புடவையில் திரும்பத் திரும்பத் தேய்த்தான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சுற்றி வீங்கியது, அப்புறம் மூக்குப் பகுதி முழுவதும். வாந்தி எடுத்தான். அம்மாவின் மடியிலேயே வயிற்றோட்டம். அதன் பிறகு தலையைத் தூக்கவே இல்லை. "துவண்டு போறான்டி, ஏதாவது பண்ணு" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

மருத்துவமனைக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை எடுத்த பெண், "வெயில்ல கூட்டிட்டு வந்தது ஒத்துக்கல மேடம், வீட்டுக்குப் போய் மோர் குடுங்க" என்றார். டாக்டரிடம் கொடுங்கள் என்றேன். "டாக்டர் பிஸியா இருக்கார்" என்று வைத்துவிட்டார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆட்டோக்கார அண்ணன் நான் கேட்காமலேயே வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார். அந்தப் பக்கம் ஒரு நாய் டாக்டர் போர்டு பார்த்த ஞாபகம் அவருக்கு. அவரால்தான் மணி இன்று உயிரோடு இருக்கிறான். அங்கிருந்த மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்தார். ஈறு வெளுத்துப்போயிருந்தது. உடனே கடும் ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் போட்டார், டிரிப் ஏற்றினார். ஊசி போட்டுக்கொண்டே, "எந்தக் கம்பெனி தடுப்பூசி? பேட்ச் நம்பர் என்ன?" என்று கேட்டார். புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டம் இரண்டுமே காலியாக இருந்தது.

இன்றுவரை எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது அந்தக் காலிக் கட்டங்கள்தான். மணிக்கு ஒத்துக்கொள்ளாதது இரண்டில் எந்த ஊசி, எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதே பேட்சில் வேறு நாய்களுக்கு என்ன ஆனது என்றும் தெரியாது. இதை எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று இடங்களில் கேட்டேன். மூன்று இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஊசி போட்ட நாயை அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைக்கு ஊசி போட்டால் அரை மணி நேரம் கழித்துத்தான் விடுகிறார்கள். கோவிட் ஊசிக்கு நாம் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படி உட்கார்ந்திருந்தோம். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில், ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நாய் மருந்து இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், ஆற்காடு சாலை நெரிசலில் இருக்கக் கூடாது.

இது அபூர்வம் என்பீர்கள். உண்மைதான். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளைப் பார்த்தது. ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதாவது பாதிப்பு பதிவானது 10,000 நாய்களில் சுமார் 38-க்கு. அதிலும் பெரும்பாலானவை லேசானவை. ஆனால் எடை குறைந்த நாய்களுக்கும், ஒரே வேளையில் பல ஊசி போட்டுக்கொண்ட நாய்களுக்கும் அபாயம் கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது. அதிகம் பாதிக்கப்பட்ட இனங்களில் டாஷ்ஹண்டும் ஒன்று. ஏழு கிலோ டாஷ்ஹண்டுக்கு ஒரே நாளில் இரண்டு ஊசி போடும் முன் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை அலைவது எனக்குப் பாரமே இல்லை. அந்தக் கணக்கை அந்த ஆய்வாளர்களால் எடுக்க முடிந்ததுகூட, அங்கே எழுதிவைத்தார்கள் என்பதால்தான். இங்கே ஸ்டிக்கர் ஒட்டக்கூட ஆளில்லை.

நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது மாநகராட்சி. ரேபிஸ் ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடையாது. எல்லாம் செய்தோம், செய்வோம். ஆனால் ஊசி ஒத்துக்கொள்ளாத நாயை வைத்திருப்பவர் எங்கே போக வேண்டும் என்று ஏன் யாரும் சொல்வதில்லை? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு நாய்க்கு மூச்சுத் திணறினால் இந்த நகரத்தில் எத்தனை கதவு திறந்திருக்கும்? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நகரம் முழுவதிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வந்து வரிசையில் நிற்கிறார்களே, அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சரி, உரிமம் மாநகராட்சியின் வேலை. உங்களிடம் நான் கேட்க வந்தது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

நான் தடுப்பூசிக்கு எதிரானவள் இல்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மனிதன் பிழைப்பதும் மிக மிக அபூர்வம், நாய் பிழைப்பதும் மிக மிக அபூர்வம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்து எங்கள் தெருவில் ஒரு குட்டி நான்கே நாளில் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. மணிக்கு நடந்ததைக் கேட்டு எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இனி ஊசியே வேண்டாம் என்கிறார்கள். என் அம்மாவும் அவர்களோடு சேர்ந்துவிட்டார். "ஊசி போட்டவங்களே திரும்பிப் பார்க்கல, நீ மறுபடியும் கொண்டுபோய்க் குத்தப்போறியா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

காப்பாற்றிய மருத்துவர் வழி சொல்லியிருக்கிறார். அடுத்த முறை இரண்டு ஊசியையும் சில வாரம் இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போடலாம், முன்கூட்டியே ஒவ்வாமைக்கு மருந்து கொடுக்கலாம், போட்டபின் ஒரு மணி நேரம் அங்கேயே வைத்திருக்கலாம் என்றார். இதைக் கேட்டபோதுதான் அம்மா கொஞ்சம் இறங்கிவந்தார்.

ஆகவே உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊசி போடும் எல்லா இடங்களிலும் நாயை அரை மணி நேரம் இருக்கச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புத்தகத்தில் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். என்ன அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று தமிழில் நான்கு வரி எழுதிச் சுவரில் மாட்டுங்கள், போன் எடுப்பவருக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள். பாதிப்பு வந்தால் பதிவு செய்ய ஓர் இடத்தையும் எங்களுக்குக் காட்டுங்கள்.

மணிக்கு அடுத்த ஊசி வரும் ஆண்டு. அதற்குள் உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அம்மாவிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
மணியை வளர்ப்பவள்,
வளசரவாக்கம், சென்னை