மஸ்கடேயைத் தனியாகக் குடிக்காதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு தடியில்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. படியேறுவதில் மட்டும் வீரம் காட்டாதே. எனக்கு ஓய்வுக்காலம் நன்றாகவே போகிறது. நேரமில்லை என்று தள்ளிவைத்திருந்த வேலைகளை எல்லாம் இப்போது வேறு காரணம் சொல்லித் தள்ளிவைக்கிறேன்.

மருமகன் கொடுத்த மஸ்கடே வெள்ளை ஒயினை "எலுமிச்சை பிழிந்த தண்ணீர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சாப்பாட்டுக்கு முன்பு, எதையும் தொட்டுக்கொள்ளாமல் குடித்ததாகவும் நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எப்படியடா பிடிக்கும்? அது மேடையில் தனியாக உட்கார்ந்து பாடும் ஒயின் இல்லை, பக்கவாத்தியம்.

மகள் பிரான்சின் நாந்த் நகரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு இதோடு நல்ல பழக்கம். அந்த நகரைச் சுற்றி, லுவார் நதி அட்லாண்டிக்கை நெருங்கும் இடத்தில்தான் இது விளைகிறது. திராட்சையின் பெயர் மெலோன். பூர்வீகம் கிழக்கு பிரான்சின் பர்கண்டி. மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில் புகழ்பெற்ற ஷார்டனே திராட்சைக்கும் இதற்கும் பெற்றோர் ஒன்றுதான் என்று தெரிந்தது. கூடப்பிறந்தது உலகம் சுற்ற, இது பிறந்த மண்ணில் மதிப்பிழந்து கடலோரம் வந்து சேர்ந்தது. 1709இன் கொடுங்குளிரில் நாந்த் பக்கத்துக் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிர் தாங்கும் மெலோனை அங்கே பரவலாக நட்டார்கள். பிராந்தி காய்ச்சுவதற்கு வெள்ளை ஒயின் தேடிய டச்சு வணிகர்களுக்கும் இதில் பங்குண்டு.

மெலோனுக்கு இயல்பாகவே மணம் குறைவு. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நாக்கின் ஓரத்தில் லேசான உப்புச் சாயல், அவ்வளவுதான். இனிப்பு அறவே கிடையாது. இந்த ஏழ்மையை ஈடுகட்ட அங்குள்ளவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும் அல்லவா, அதை நீக்காமல் குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன் மேலேயே கிடக்க விடுகிறார்கள். செத்த ஈஸ்ட் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒயினுக்கு ஒரு திரட்சியையும் ரொட்டி மாவு போன்ற மெல்லிய வாசனையையும் கொடுக்கிறது. வேறு கலத்துக்கு மாற்றாமல் அங்கிருந்தே பாட்டிலில் அடைப்பதால் கரியமில வாயு கொஞ்சம் தங்கி, நாக்கில் சுருக்கென்று தெரியும். லேபிளில் "சூர் லீ" என்று இருந்தால் இப்படிச் செய்தது என்று பொருள். உன் பாட்டிலில் இருக்கிறதா என்று பார்.

சரி, எதோடு குடிப்பது? முதல் இடம் வேகவைக்காமல் பச்சையாகத் தின்னும் சிப்பிக்கு. நாந்த்காரர்கள் இதில் விவாதத்துக்கே இடம் கொடுப்பதில்லை. காரணமும் எளிது. உப்பு பட்டதும் ஒயினின் புளிப்பு கூர் மழுங்கி, உள்ளே ஒளிந்திருந்த பழச்சுவை மேலே வருகிறது. சிவப்பு ஒயினோடு கடல் உணவைச் சாப்பிட்டால் சில சமயம் வாயில் கவிச்சை ஏறுமே, அதற்கு ஒயினில் உள்ள இரும்பு காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். சில வெள்ளை ஒயின்களிலும் இரும்பு அதிகம் இருக்கலாம், ஆனால் மஸ்கடேயில் எனக்கு அந்தத் தொல்லை நேர்ந்ததில்லை.

இரண்டாவது, வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்றுமீன். சிறு வெங்காயத்தை வினிகரிலோ இதே ஒயினிலோ சுண்டவைத்து, வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிக்கும் அந்தச் சாறு நாந்த் வட்டாரத்தின் பெருமை. இரண்டு வாய் தின்றதும் நாக்கில் நெய்ப்பு படிந்துவிடும். ஒரு மடக்கு மஸ்கடே அதைத் துடைத்துவிடும். அடுத்த வாய் மீண்டும் முதல் வாய் போலவே ருசிக்கும். உன்னைப் போன்ற ஆளுக்கு இது ஆபத்தான ஏற்பாடு! மட்டி, வெள்ளாட்டுப்பால் சீஸ் இவையும் பொருந்தும். காரம் மிகுந்த உணவோடு சண்டை வராது, சாராயச் சத்து 12 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் எரிச்சலைக் கூட்டாது; ஆனால் ஒயின் இருப்பதே தெரியாமல் போய்விடும். இனிப்புப் பண்டத்தோடு மட்டும் வேண்டவே வேண்டாம். வெறும் புளித்தண்ணீராகத்தான் தோன்றும்.

இன்னொன்று: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் ஊற்றாதே. 8 முதல் 10 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் இருக்கிற கொஞ்ச மணமும் அடங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மெலிசாகவே தோன்றினால், கிளிசோன் அல்லது கோர்ஜ் என்று ஊர்ப்பெயர் போட்ட மஸ்கடே கிடைக்கிறதா என்று மருமகனிடம் கேள். 2011இல் தனி அங்கீகாரம் பெற்றவை இவை. கிளிசோன் கருங்கல் பூமி. கோர்ஜில் கேப்ரோ என்ற கரும்பாறை. குறைந்தது 24 மாதம் வண்டலின் மேல் கிடந்த பிறகே வெளியே வரும். பத்து ஆண்டு வைத்திருந்தாலும் தளராது. மஸ்கடே என்றால் உடனே குடித்துத் தீர்க்க வேண்டிய சாதாரணச் சரக்கு என்று பேசுகிறவர்கள் இவற்றைச் சுவைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பேத்தியின் தேர்வு முடிவு வந்ததா? அதை எழுதாமல் ஒயினைத் திட்டியே பக்கத்தை நிரப்பிவிட்டாய். அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு