பணம் நின்ற மாதம்தான் படிப்பு நின்ற மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு பாதியைத் தாண்டிவிட்டது என்று ஒரு செய்தி வந்திருந்தது, 51.4 சதவீதம் என்று எண்ணெல்லாம் போட்டு. எங்கள் ஊர் டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்த பெரியவர் ஒருவர், "பரவாயில்லப்பா, நூத்துக்கு அம்பது பேரு டிகிரி முடிச்சிட்டாய்ங்களாம்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். நான் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தேன். அங்கேயே வாய் திறந்திருக்கலாம், ஆனால் டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேச வேண்டியிருக்கும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 51.4. அது 2019-20ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் வந்த எண். அடுத்த வருட ஆய்விலேயே அது 46.9 ஆனது, 2021-22இல் 47. பயந்துவிடாதீர்கள், ஒரே வருடத்தில் பிள்ளைகள் யாரும் கூட்டமாகப் படிப்பை விட்டு ஓடவில்லை. அதுவரை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இத்தனை இளைஞர்கள் இருப்பார்கள் என்று மதிப்பிட்டு வகுத்தார்கள், அப்புறம் 2011 கணக்கை வைத்து வகுத்தார்கள். வகுக்கிற எண் மாறியது, விடை மாறியது, அவ்வளவுதான். 47 என்பதே பெரிய விஷயம், அதே வருடம் நாடு முழுமைக்கும் 28.4தான். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் 50ஐத் தொட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது, நாம் இப்போதே அந்த வாசலில் நிற்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்தப் பெரியவர் புரிந்துகொண்டதுதான் என்னை உறுத்துகிறது. அவர் மட்டுமில்லை, செய்தியை வாசித்த பாதிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த எண் பட்டம் வாங்கியவர்களின் கணக்கே இல்லை. அந்த வருடம் ஏதோ ஒரு கல்லூரியிலோ தொலைதூரக் கல்வியிலோ பெயர் பதிவாகியிருக்கிற எல்லாரையும் எண்ணி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையால் வகுத்தால் வருவது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நீங்கள் கணக்கில் உண்டு. அடுத்த வருடம் நீங்கள் படிப்பை விட்டுத் திருப்பூரில் வேலையில் இருந்தாலும், போன வருடக் கணக்கில் நீங்கள் உண்டு.

நானே அப்படி ஒரு ஆள். 1990களின் கடைசியில் பி.எஸ்சி. சேர்ந்து இரண்டாம் ஆண்டு பாதியில் விட்டவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, இரண்டு பேப்பர் அரியர் வேறு இருந்தது, சரி ஒரு செமஸ்டர் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடம் கழிந்துவிட்டது.

இப்போது செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளிலிருந்து ஒன்றரை மாதம் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கவுன்சலிங், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், எல்லாம் என் கடை கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. ஓடிபி அப்பா போனுக்குப் போகும், அப்பா கேரளாவில் வேலையில் இருப்பார், அவர் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அரசு கல்லூரி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். அந்த அளவுக்கு அரசு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2024இல் 7 லட்சத்து 60 ஆயிரம் பேர் பிளஸ் டூ எழுதி 94.56 சதவீதம் தேர்ச்சி, அத்தனை பேரில் பெரும்பாலானவர்கள் எங்காவது ஒரு கல்லூரி வாசலை மிதிக்கப் பார்க்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1980களில் பெண் சிசுக்கொலைக்காக எங்கள் வட்டாரத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது வயதானவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. அதே ஊர்களிலிருந்து இன்று காலையில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பெண்கள்தான் அதிகம். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம் எட்டாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்று ஆரம்பித்து, பின்னாளில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் என்று வளர்ந்தது. 2022 செப்டம்பரில் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். எங்கள் பக்கத்தில் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுத்தது சரியான வேலை என்பேன், எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் சொல்வேன். ஆயிரம் ரூபாய் தன் அக்கவுண்டில் விழுகிற பெண்ணுக்கு வீட்டில் பேச ஒரு குரல் வருகிறது, அதை என் கடையிலேயே பார்க்கிறேன். பேலன்ஸ் பார்க்க அம்மாவைக் கூட்டி வந்த பொண்ணு இப்போது தனியாக வருகிறாள்.

பையன்கள் விஷயம்தான் வேறு மாதிரி. அவர்களுக்கும் 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் 18 வயதுப் பையனை வெளியே இழுக்கிற கயிறு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கனமானது. கல்யாணச் சமையலுக்குப் பரிமாறப் போனால் ஒரு முகூர்த்தத்துக்கே நல்ல காசு. டூ வீலரும் லைசென்ஸும் இருந்தால் மதுரையில் டெலிவரி வேலை அன்றைக்கே கிடைக்கும். முதலில் சனி, ஞாயிறு மட்டும் என்று போவான், அப்புறம் வெள்ளிக்கிழமையும் போவான். வருகை குறையும், அரியர் சேரும், தேர்வுக் கட்டணத்தோடு அபராதமும் கட்டச் சொல்வார்கள். ஒரு நாள் என் கடைக்கு வந்து, "அண்ணே, டிசி வாங்க லெட்டர் எப்பிடி எழுதணும்?" என்று கேட்பான்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஓடி வருவார்கள் என்பதற்காக விண்ணப்பம் போட்டவர்களின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எழுதி வைப்பேன். (தப்புதான், தெரியும், ஆனால் வேறு வழியில்லை.) சில வருடங்களுக்கு முந்தைய ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், 12 பெயர். அதில் 5 பெண்கள், 4 பேர் முடித்துவிட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. 7 பையன்களில் முடித்தவர்கள் 3 பேர். ஒரு பக்கத்தை வைத்து ஊரையே எடை போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பிரவுசிங் சென்டர்காரன் நோட்டில் இருக்கிற கணக்கு கூட அரசாங்க அறிக்கையில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

விடுகிற பையனை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு மேல் வருகிற டவுன் பஸ்ஸில் படியில் தொங்கத்தான் இடம். 2022இல் மதுரை-தேனி அகல ரயில் பாதை திறந்தபோது சந்தோஷப்பட்டோம், ஆனால் பயணிகள் ரயிலைக் காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்புகிற மாதிரி விட்டார்கள். எங்கள் பிள்ளைகள் போக வேண்டிய திசை இதற்கு நேர் எதிர். உள்ளே போனால் பாடம் நடத்த ஆள் வேண்டும். அரசு கல்லூரிகளில் பல துறைகளைத் தாங்குவது நிரந்தர வேலையில்லாத கௌரவ விரிவுரையாளர்கள்தான். அவர்கள் சம்பளம் 2023இல்தான் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது, அதுவும் வருடத்துக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019லேயே வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கியவர் மே மாதம் சம்பளம் இல்லாமல் இருப்பார், ஜூனில் வந்து நம் பையனை 'ஒழுங்காகப் படி, நல்ல வேலைக்குப் போகலாம்' என்று சொல்ல வேண்டும். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதற்குள் ஒரு முதலாமாண்டு மாணவன் இரண்டாமாண்டுக்கு வந்துவிட்டான், வந்திருந்தால்.

இடமும் குறைவு. 2023-24இல் மாநிலம் முழுக்க 164 அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு லட்சத்து ஏழாயிரம் சொச்சம் இடங்கள்தான். மிச்சப் பேர் எங்கே போவார்கள்? மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, அமெரிக்கன் கல்லூரி 1881லிருந்து இருக்கிறது, லேடி டோக் 1948, தியாகராசர் 1949, பாத்திமா 1953. நல்ல கல்லூரிகள்தான். ஆனால் இந்த மாதிரிக் கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் ஒரு கட்டணம், அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு என்றால் பல மடங்கு. வருகிற பெற்றோருக்கு இந்த வித்தியாசமே தெரியாது, கல்லூரிப் பெயர் மட்டும்தான் தெரியும். "எய்டடா, செல்ஃபா?" என்று நான் கேட்டால் முழிப்பார்கள். செமஸ்டர் ஃபீஸ் சலான் வந்த பிறகு தெரிந்துகொள்வார்கள்.

உதவித்தொகை வந்து சேருகிற கதையையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சில வருடம் பெரும்பகுதிச் சுமை மாநிலங்கள் தலையில் இருந்தது, 2020-21லிருந்து மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று மாற்றினார்கள். நல்லது. ஆனால் மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கு வரும், கல்லூரியோ பணத்தை முன்னாலேயே கேட்கிறது. நடுவில் இருக்கிற மாதங்களுக்கு நகைக் கடையும் வட்டிக்காரரும்தான் கதி. பெற்றோர் வருமானம் வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு முதலாமாண்டு உதவித்தொகை அவன் படிப்பை விட்டு நான்கு மாதம் கழித்து அக்கவுண்டில் விழுந்தது. என் கடையில்தான் மினி ஸ்டேட்மென்ட் எடுத்தான். சிரித்தான், வேறென்ன செய்வான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யார் யார் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு கல்லூரி மாணவருக்கும் அரசாங்க கம்ப்யூட்டரில் யூமிஸ் நம்பர் என்று ஒரு அடையாள எண் இருக்கிறது. மாதா மாதம் 1,000 ரூபாய் ஆதார் இணைத்த கணக்குக்குப் போகிறது, பிள்ளை படிப்பைத் தொடர்கிறது என்று கல்லூரி சொன்னால்தான் போகும். அப்படியானால் பணம் நின்ற மாதம்தான் அந்தப் பிள்ளையின் படிப்பு நின்ற மாதம். இந்தக் கணக்கு எடுக்கத் தனியாக ஆய்வு வேண்டாம், குழு வேண்டாம், செலவு வேண்டாம். 2022இல் முதலாமாண்டு சேர்ந்து இந்தப் பணம் வாங்கிய பெண்கள் மூன்று வருடப் படிப்பை 2025லேயே முடித்திருக்க வேண்டும். எத்தனை பேர் ஆரம்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கடைசி செமஸ்டர் வரை பணம் போனது, எந்த மாவட்டத்தில், எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில்? ஒரு பட்டன் அழுத்தினால் வருகிற பட்டியல் இது. பையன்களுக்கு 2024 பேட்ச், 2027இல் தெரிந்துவிடும்.

இதை அரசு தானாக வெளியிடாது, சேர்க்கையைக் காட்டினால் கைதட்டு வரும், இதைக் காட்டினால் கேள்வி வரும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் உங்கள் நாளிதழில் எந்தக் கோர்ஸுக்கு மவுசு என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், கல்லூரி விளம்பரங்களும் கூடவே வருகின்றன, அது உங்கள் பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. நடுவில் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி இந்தப் பட்டியலைக் கேட்டு, மாவட்டவாரியாகப் போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் தருவார்களா, இல்லை வழக்கம்போல இந்த அலுவலகத்தில் இல்லை என்று வேறு அலுவலகத்துக்குத் தள்ளுவார்களா தெரியாது. என்னால் ஒரு மனு போட முடியும், போடவும் போகிறேன், ஆனால் பத்திரிகை கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்.

உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். நோட்டு கவுண்டருக்குக் கீழேதான் இருக்கிறது, பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டுக் காட்டுகிறேன். மதியம் ஒரு மணிக்கு மேல் வந்தால் பரவாயில்லை, அப்போதுதான் கூட்டம் கொஞ்சம் குறையும், சர்வரும் மெதுவாக ஓடும்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரர் ஒருவர்
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்