வெந்நீர் வாளியும் கேரம் போர்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் கோடை மலரில் கொடைக்கானல் படங்களைப் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஓட்டல் அதில் இல்லை. இருக்கவும் முடியாது, இடித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

1980-ல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் மலை ஏறினேன். கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டம். திண்டுக்கல் 1985-ல்தான் தனியாகப் பிரிந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு விறகு அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, அறை அறையாக வாளி சுமப்பது என் வேலை. செல்லூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு ஏழாயிரம் அடி உயரக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். சூடு போதவில்லை என்று திட்டுவார்கள். எங்களுக்கோ பச்சைத் தண்ணீர்தான். கடைசி சீசன் சம்பளத்தில் பாதி இன்னும் வரவில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் பின்கட்டில் கேரம் தொடங்கிவிடும். பவுடருக்குப் பதில் சமையல்கட்டு மைதா. தலைமைச் சமையல்காரர் உசிலம்பட்டிக்காரர். அவர் தோற்றால் அன்றைய ரசத்தில் உப்புக் கூடும். அதனால் முறைவைத்து அவரிடம் தோற்றோம்! 1982-ல் குறிஞ்சி பூத்தபோது ஒருநாள் எல்லோரும் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடந்தோம். சரிவெல்லாம் நீலம். திரும்ப நேரமாகிவிட்டது, ஒரு நாள் கூலி போனது.

அடுத்த மலரில் அறை வாடகைப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்து, அங்கே வாளி சுமந்தவர்களிடமும் பேசுங்கள். அன்றைய பையன்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு தகவல்: காணாமல்போன ஸ்ட்ரைக்கர் என்னிடம்தான் இருக்கிறது.

– பழைய ரூம் பாய்,
செல்லூர், மதுரை.