மிரட்டினால் போதாது, பெற்றோரையும் உட்கார வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராமப்புற ஏழைக் குடும்பங்களின் வளரிளம் பருவத்தினர் மது, புகையிலை, பாதுகாப்பற்ற உடலுறவு, கண்மண் தெரியாத வேகம் ஆகியவற்றில் சிக்குவதாகக் கவலை எழும்போதெல்லாம், பள்ளியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி உறுதிமொழி எடுக்க வைப்பதோடு தடுப்புப் பணி முடிந்துவிடுகிறது. அச்சுறுத்தல் பலன் தராது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று கைதிகளைக் கொண்டு மிரட்டிய திட்டங்களை ஆராய்ந்தபோது, அதில் பங்கேற்றவர்களே பின்னாளில் கூடுதலாகக் குற்றங்களில் ஈடுபட்டது தெரியவந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து இன்னதென்று நன்றாகவே தெரியும். கூட்டாளிகள் சூழ்ந்திருக்கும் நேரத்தில் அந்த அறிவு கைகொடுப்பதில்லை.

கிராமத்தில் இதற்கென்றே சில காரணங்கள் உள்ளன. பள்ளி விட்டதும் கிளம்பும் பேருந்தைத் தவறவிட்டால் வீடு திரும்ப வழியில்லாத பிள்ளை, மாலை விளையாட்டுப் பயிற்சியில் எப்படிச் சேரும்? வேலைக்குப் போன பெற்றோர் இருட்டிய பிறகே வருவார்கள். கருத்தடை குறித்துக் கேட்க ஒரு வளரிளம் பெண் சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்குள்ள செவிலியர் அவள் தாய்க்கு அறிமுகமானவராக இருப்பார். அந்தப் பெண் வாசலோடு திரும்பிவிடுவாள்.

1990களில் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கிராமப்புறங்களில் வேறு வழியில் முயன்றார்கள். வாரம் ஒருமுறையென ஏழு வாரங்கள், முதல் ஒரு மணி நேரம் பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனி அறைகளிலும், அடுத்த ஒரு மணி நேரம் குடும்பமாக ஒரே அறையிலும் அமர்ந்து, வீட்டு விதிகளைப் பற்றியும் கோபத்தைக் கையாள்வது பற்றியும் பேசிப் பழகினார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், மதுப் பழக்கம் தொடங்குவது தள்ளிப்போயிருந்தது. ஆப்பிரிக்க நாடான மலாவியின் ஸோம்பா மாவட்டத்தில் இளம்பெண்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் மாதந்தோறும் சிறு தொகை வழங்கியபோது, பள்ளியில் படித்துவந்த பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று, தொகை பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. வறுமையைத் தொடாமல் ஒழுக்கத்தை மட்டும் போதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே கல்வி, சுகாதாரத் துறைகளை நான் வேண்டுவது இதுதான்: பெற்றோர் கூட்டங்களை வேலை முடிந்த பிறகு, குடியிருப்புகளுக்கு அருகிலேயே நடத்த வேண்டும்; கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்காக அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்த வேண்டும்; மாலைப் பயிற்சி முடியும் நேரத்தில் இன்னொரு பேருந்து விட வேண்டும்; சுகாதார நிலையத்தில் பிள்ளைகள் கேட்பது வெளியே போகாது என்பதற்கு எழுத்துப்பூர்வ விதி வகுக்க வேண்டும். உறுதிமொழிக் கூட்டங்களுக்குச் செலவாகும் தொகையை முதலில் இவற்றுக்குத் திருப்பலாம்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு வாசகர்