ஊருக்கெல்லாம் 24 பின், உங்களுக்கு மட்டும் 8 பின்னா?

மேசைக் கணினி தயாரிக்கும் பெரிய நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றும் ஐயா, அம்மையீர் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் ஆறாவது கணினி போன மாதம் நின்றுபோனது. அது உங்களில் ஒருவர் செய்த பெட்டி. யார் என்று சொல்லப்போவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாட்டும் கனெக்டரில் உள்ள பின்களை, அதாவது உலோகக் குச்சிகளை, ஊரோடு ஒத்துவராமல் தனி எண்ணிக்கையில் வைக்கும் விஷயத்தில் நீங்கள் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல என்பதால் மடலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் வாசகசாலையில் இருப்பவை ஆறு கணினிகள். ஓர் அலுவலகம் புதிது வாங்கியபோது கழித்துக்கட்டியவை. ஆறும் ஒரே மாடல்: 2013-ல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டு வெளியே போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தாலும் இன்னும் எழுந்திருக்காது. கையில் இருந்த பணமோ கொஞ்சம். பிராசசரை மாற்று என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் எடைக்குப் போடு என்றார்கள் வேறு சிலர். நான் இரண்டையும் கேட்கவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றும் தட்டே இல்லாத சேமிப்புக் கருவியான எஸ்.எஸ்.டி. ஒன்றை, 240 ஜிபி, மாட்டினேன். காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டி.டி.ஆர்.3 ராம். பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து மண்ணாகிப்போயிருந்தது, அதைச் சுரண்டி எடுத்துப் புதிது தடவினேன். தினமும் காலையில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும் இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் புது பட்டன் பேட்டரி. அவ்வளவுதான் செலவு. ஆறும் அரை நிமிடத்துக்குள் எழுந்து உட்கார்ந்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டின்மேல் ஊசி ஒவ்வொரு கோப்பாகத் தேடிப்போக ஒரு தடவைக்குப் பத்து மில்லி விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆகும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. கணினி எழுந்திருக்கும்போது படிக்க வேண்டியவை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். பிராசசர் சோம்பேறியாக இருக்கவில்லை, வாசலில் காத்துக் கிடந்தது. பத்து வருடப் பழசு என்று நீங்கள் தள்ளிவிடும் பெட்டிக்கு உண்மையில் என்ன குறை என்று கேட்டால், பெரும்பாலும் இதுதான்.

ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.டி. மாட்ட முடிந்ததற்குக் காரணம், டிஸ்க்கை மாட்டும் சாட்டா கனெக்டரை நீங்கள் ஊரோடு ஒத்து வைத்திருந்ததுதான். ராம் ஸ்லாட்டும் அப்படியே, எல்லோருக்கும் உள்ள 240 பின். யாருடைய ராமை வாங்கி மாட்டினாலும் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒழுங்கை அங்கேயே ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால், ஆறாவது பெட்டியில் செத்துப்போனது எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான். ஐந்தாவது பெட்டியிலிருந்து கழற்றி இதில் மாட்டிப் பார்த்தேன், உயிர் வந்தது. போர்டு (எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு) நன்றாக இருக்கிறது, பிராசசர் நன்றாக இருக்கிறது, புது எஸ்.எஸ்.டி.யும் நன்றாக இருக்கிறது. என் அலமாரியிலோ நல்ல நிலையில் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்த்தேன், விசிறி சுற்றியது. மாட்டிவிட்டால் பத்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

ஊர் உலகத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டருக்கு 24 பின். 1995-ல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை இன்டெல் வெளியிட்டபோது அது 20 பின்னாக இருந்தது. பிறகு நான்கு கூடியது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5, எதில் 3.3, எந்த நிறக் கம்பி எதற்கு என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. உங்கள் போர்டில் அந்த இடத்தில் இருந்தது 8 பின். ஹார்டு டிஸ்க்குக்கான மின்சாரம்கூட எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரவில்லை, போர்டிலிருந்தே ஒரு குட்டிக் கம்பியில் இறங்கியது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உடம்பும் குறுகல். ஊரில் விற்பது 15 செ.மீ. அகலம்; நீங்கள் விட்டிருக்கும் ஓட்டையில் அது நுழையாது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அந்த 8 பின்னில் எது எது என்று ஒரு படம் தாருங்கள் என்று மட்டுமே கேட்டேன். முதல் பதில்: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியாதா? நான் இலவசமாக எதையும் கேட்கவில்லையே. இரண்டாவது பதில்: வரிசை எண்ணைத் தரவும். தந்தேன். மூன்றாவது பதில்: அந்த எஸ்.எம்.பி.எஸ். இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனால் எங்கள் புதிய மாடல்களைப் பாருங்கள் என்று வண்ணப் படங்கள். படம் கேட்டவனுக்குப் படம் அனுப்பியதில் குறை சொல்ல முடியாதுதான்.

பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய அதே எஸ்.எம்.பி.எஸ். கிடைக்கிறது, உண்மை. அதற்கும் இதே வயது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அதே சூட்டில் அதே பத்து வருடம் வெந்தவை. அதை வாங்கிப் போடுவது ஒரு கிழவருக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு கிழவரை நிறுத்துவது மாதிரி. விலையைக் கேட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கடைசியில், 24 பின்னை 8 பின்னாக மாற்றித் தரும் கம்பி ஒன்றைத் தேடிப்பிடித்தேன். யார் செய்தது என்று அதன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை. மாட்டும்போது எனக்கு இருந்த பயத்தைச் சொல்லியாக வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் போர்டுக்குச் சொட்டுச் சொட்டாக ஒரு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஊர் வழக்கில் அது 5 வோல்ட். உங்கள் போர்டு எதிர்பார்ப்பது 5-ஆ, 12-ஆ? தவறாகப் போனால் நல்ல போர்டும் கையோடு போகும். வாசகசாலைப் பணத்தில் வாங்கிய பொருள்களை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட வைத்தீர்கள். ஒரு பக்கப் படம் இருந்திருந்தால் மல்டிமீட்டரை வைத்து இரண்டு நிமிடத்தில் சரிபார்த்திருப்பேன்.

ஓடியது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே நுழையாததால், பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு வெளியே மேசைமேல் வைத்திருக்கிறேன். குடல் சரிந்த மாதிரி கம்பிகள் வெளியே தொங்குகின்றன. பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாதே என்று ஓர் அட்டைப் பெட்டியை வெட்டிச் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறேன்.

இதோடும் முடியவில்லை. அதே பெட்டியின் முன்பக்க விசிறியும் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. ஊரில் விசிறிக்கு 3 பின் அல்லது 4 பின். உங்கள் போர்டில் 5. புது விசிறியை எஸ்.எம்.பி.எஸ். கம்பியிலேயே நேராகக் கொடுத்தேன். நன்றாகச் சுற்றுகிறது, காற்று வருகிறது, போர்டு மட்டும் நம்ப மறுக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விசிறி இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று திரையில் நிற்கிறது. அதை அணைக்க பயாஸில் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளில்) ஒரு வழியும் இல்லை. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி புதிதாக வந்த இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன்: “இது மட்டும் எஃப்1 அமுக்கினாத்தான்டி எழுந்திருக்கும். மாமா ரிப்பேர் பண்ணினது, அதான்.”

பழி என் தலையில். பரவாயில்லை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 12 வோல்ட்டை மட்டும் அனுப்பி மற்றதைப் போர்டிலேயே இறக்கிக்கொண்டால், கணினி சும்மா இருக்கும்போது வீணாகும் மின்சாரம் குறையும். நல்ல யோசனை. ஆனால் அதே யோசனையை இன்டெல் 2020 வாக்கில் ஏ.டி.எக்ஸ்.12.வி.ஓ. என்று 10 பின் கனெக்டராக, அளவு, வோல்ட் எல்லாம் எழுதி வெளியே வைத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், செய்யலாம். ஆக, மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கும் படத்தைப் பூட்டி வைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. மிச்சம் பிடியுங்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழைய வாடிக்கையாளருக்கு வழி விடுவதால் யாரும் கெட்டுப்போனதில்லை. 2017-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் ரைசன் பிராசசர் வந்தபோது விற்ற, ஏ.எம்.4 சாக்கெட் உள்ள போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்தால் 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசை பிராசசரை மாட்டலாம் என்று ஏ.எம்.டி. 2022-ல் கதவைத் திறந்துவிட்டது. பழைய போர்டை வைத்திருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். உங்களிடமோ, மாடல் கொஞ்சம் பழசானால் பயாஸ் கோப்பு இருந்த பக்கமே காணாமல் போய்விடுகிறது.

விண்டோஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம். என்னிடம் 8 இருக்கிறது. 64 ஜிபி இடம் கேட்கிறது; 240 இருக்கிறது. ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமாம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். எங்களுடையது நான்கு. ஓடும் திறன் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் அதுவே தாராளம். உலகம் முழுக்க எத்தனை பெட்டிகள் இப்படிப் பட்டியலில் விடுபட்டுத் தெருவுக்கு வந்திருக்கும் என்று நினைத்தால்தான்… மன்னிக்கவும், இது வேறு ஆட்களுக்கு எழுத வேண்டிய மடல். உங்களிடம் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல் சில பொருள்களை விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம். கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் எந்திரம், புல் வெட்டும் எந்திரம் என்று அந்த முதல் பட்டியல் போகிறது. மேசைக் கணினி அதில் இல்லை. ஏன் விட்டார்கள் என்று யூகிக்கிறேன்: நான்கு திருகைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வந்துவிடும், இதற்கெதற்கு மதிப்பெண் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் திறந்தேன்.

2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்குகூட இல்லை. உங்கள் புதிய பெட்டிகளின் அட்டையில் பச்சை இலை ஒன்று அச்சாகியிருப்பதைப் பார்த்தேன். அழகான இலை. அதன் பக்கத்தில் எட்டு சின்னக் கட்டம் போட்டு எது எத்தனை வோல்ட் என்று எழுதவும் இடம் இருக்கிறது.

ஆகவே, பணிவோடு கேட்பது இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் விசிறிக்கும் ஊரில் எல்லோரும் வைக்கும் கனெக்டரையே வையுங்கள். இனி வரும் பெட்டிகளிலாவது வையுங்கள். தனி வழிதான் வேண்டும் என்றால், பின் படத்தையும் வோல்ட் கணக்கையும் வெளியிடுங்கள். மாடலை நிறுத்தினாலும் அந்தப் பக்கத்தை நிறுத்தாதீர்கள். யானையை விற்றுவிட்டு அங்குசத்தைப் பூட்டி வைத்துக்கொள்வது என்ன வியாபாரம்? கோபத்தில் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி அப்படியே இருக்கட்டும்.

அந்த உதவிப் பிரிவு அன்பர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. என் வரிசை எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாவது பெட்டியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இப்போது லேசாக விசில் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. அது போவதற்குள் அந்த 8 பின் படத்தை அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
ஆறு கணினிகளுக்கும் ஓர் அட்டைப் பெட்டி வேலிக்கும் பொறுப்பாளன்