வீட்டு நோயாளிகளுக்குச் சளி உறிஞ்சும் இயந்திரம் இரவலாகக் கிடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஒடுகத்தூர் பகுதி விவசாயி (பெயர், முகவரி தனித்தாளில் உள்ளது),
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: தொண்டையில் குழாயுடன் வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக சக்‌ஷன் மெஷின் இரவல் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 34 வயது. போன வருடம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பல வாரம் வென்டிலேட்டரில் கிடந்தான். பிழைத்துவிட்டான். தொண்டையில் துளை போட்டு வைத்த குழாய் வழியாகத்தான் இன்றும் மூச்சு விடுகிறான். ஆஸ்பத்திரிச் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. வீட்டுக்கு வாங்கும் மெஷினுக்கு அதில் வழியில்லை என்றார்கள். சரி என்று வாடகைக்கு ஒன்று எடுத்தோம்.

நம்மைப் போன்றவர்கள் இருமும்போது தொண்டை ஒரு நொடி மூடி, அழுத்தம் சேர்ந்து, சளி வெளியே வருகிறது. குழாய் போட்டவனுக்கு அந்த மூடல் நடக்காது. மூக்கு வழியாகப் போனால் காற்றுக்கு ஈரமும் சூடும் கிடைக்கும், அதுவும் இல்லை. வேலூர் வெயிலைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் அவன் சளி கோந்து மாதிரி ஆகிவிடும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது உறிஞ்சி எடுக்க வேண்டும். அவனால் பேச முடியாது, எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவான். அப்புறம் மெஷின் ஓடும். அந்தச் சத்தம் எங்கள் தெருவுக்கே பழகிவிட்டது.

இதை எப்படிச் செய்வது என்று, அவனை வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. பக்கத்து ஊர் நர்ஸ் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். கத்தீட்டர் (சளியை உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாய்) உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான். ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது, சளியோடு காற்றையும் உறிஞ்சிவிடும். உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் மெஷினின் முள் பெரியவர்களுக்கு 80 முதல் 120 (மி.மீ. பாதரச அளவு) வரை நின்றால் போதும், வேகமாகச் சளி வரட்டும் என்று கூட்டினால் உள்ளே புண்ணாகி ரத்தம் வரும். இதெல்லாம் தெரியாமல் முதல் பத்து நாள் அவனை என்ன பாடு படுத்தினோமோ! கத்தீட்டரை ஒரு தடவையோடு தூக்கிப்போட வேண்டும் என்பதும் தெரியும். கட்டுப்படியாகாமல் கொதிக்க வைத்துத் திரும்பப் போட்டிருக்கிறோம். தப்புதான், மறைக்கவில்லை.

இந்த மனுவுக்குக் காரணம் ஒரு மின்தடை நாள். மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். முன்பே அறிவித்திருந்தார்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை. வாடகை மெஷினில் பேட்டரி கிடையாது. பதினொரு மணிக்குச் சளி அடைத்து உதடு கறுத்துவிட்டது. என் மனைவி நர்ஸுக்குப் போன் போட்டாள். "உள்குழாயைத் திருகி வெளியே எடுத்துடுங்க அக்கா" என்றார். தொண்டைக் குழாய்க்குள் கழற்றி எடுக்கும்படி இருக்கும் இன்னொரு குழாய் அது. எடுத்தால், உள்ளே முழுக்கக் காய்ந்த சளி. அதன் பிறகுதான் மூச்சு வந்தது. 108-ஐயும் கூப்பிட்டிருந்தோம், வந்தார்கள், குறை இல்லை. ஆனால் மூச்சடைத்தவனுக்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம். ஆம்புலன்சில் ஏற்றினாலும் இங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊர்களில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, அடுத்த தெருவில் ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது என்று. பக்கவாதம் வந்த பெரியவருக்காக நகையை அடகு வைத்து வாங்கியது, பேட்டரியும் உண்டு. அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதுவரை மாதாமாதம் நாங்கள் வாடகை கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் கேட்பது இலவச மெஷின் இல்லை. பேட்டரி வைத்த மெஷின்கள் சிலவும், கரண்டே தேவைப்படாத, காலால் மிதிக்கும் மெஷின்கள் சிலவும் வட்டத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கட்டும். டாக்டர் சீட்டைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம். சும்மா கிடப்பவற்றைத் தர விரும்புகிறவர்களிடமும் வாங்கி, சுத்தம் செய்து, பழுது பார்த்து அதே கணக்கில் சேர்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பை கொண்டுவந்து தருகிறார்கள். அதே கையால் கத்தீட்டரும் வந்தால் நாங்கள் கொதிக்க வைக்க மாட்டோம். குழாயோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன், அந்த வீட்டு ஆள் இரண்டு பேர் தங்கள் கையாலேயே உறிஞ்சிக் காட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று அரசு மருத்துவமனைகளுக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது பெரிய உதவி. இப்படிப்பட்ட வீடுகளின் போன் நம்பரை மின்வாரியத்துக்குக் கொடுத்து, மின்தடைக்கு முந்தின நாள் தகவல் சொல்லவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

அடுத்த தெரு வீட்டார் தங்கள் மெஷினைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. தம்பிக்குத் தேவை தீர்ந்த பின் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தாங்கள் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)